முதல்முறை பனிமலைக்குப் போகிறோம், நான் அறைக்குள்ளேயே இருந்துவிடுவேனோ?

குளிர்நடுங்கி எழுதியது:

வணக்கம். நாங்கள் நான்கு பேர். நான், கணவர், ஒன்பது வயது மகள், அறுபத்தேழு வயது மாமனார். ஜனவரியில் ஐந்து நாள் ஒரு பனிமலை ஊரில் தங்குவதாக முடிவாகிவிட்டது. முடிவெடுத்தது நானில்லை. மகள் ஏதோ வீடியோவில் பனிச்சறுக்கைப் பார்த்துவிட்டு ஆறு மாதமாக அதையே பேசிக்கொண்டிருக்கிறாள். தாத்தாவும் அவளோடு கூட்டு.

நான் மின்விசிறியை இரண்டில் வைத்தாலே போர்த்திக்கொள்கிற ஆள். தங்கப்போகும் இடம் 1,800 மீட்டர் உயரம். அங்கிருந்து ரோப்கார் 2,700 மீட்டர் வரை போகுமாம். கீழேயே பகலில் மைனஸ் ஐந்து, மைனஸ் எட்டு என்று வானிலைச் செயலி பயமுறுத்துகிறது. குளிரைத் தாங்க எத்தனை சட்டை போட வேண்டும்? நாற்பதைத் தொடுகிற வயதில் சறுக்கக் கற்றுக்கொள்வது வீண் வேலையா? சறுக்காதவர்களுக்கு அங்கே செய்ய ஏதாவது இருக்கிறதா, இல்லை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதானா?

---

மலைக்காகம் எழுதியது:

கடைசிக் கேள்விதான் நல்ல கேள்வி. அதற்கு வேறு யாராவது வருவார்கள். நான் சட்டைக்கு வருகிறேன்.

எத்தனை என்று எண்ணாதீர்கள், எது என்று பாருங்கள். பனிமலையில் முதல்முறை வருகிறவர்களை நடுங்க வைப்பது பெரும்பாலும் அவர்களுடைய சொந்த வியர்வைதான். பருத்தி பனியன், அதன்மேல் பருத்திச் சட்டை, அதன்மேல் இரண்டு ஸ்வெட்டர், தடி ஜாக்கெட் என்று கிளம்புவார்கள். பத்து நிமிடம் ஏறி நடந்தால் உள்ளே நனைந்துவிடும். பருத்தி அந்த ஈரத்தை விடவே விடாது. அப்புறம் சரிவின் மேலே ஏற்றிப்போகும் நாற்காலி லிஃப்ட்டில் உட்கார்ந்து காற்று படும்போது முதுகில் ஈரத்துணியைப் போட்டது போலிருக்கும்.

மூன்று அடுக்கு போதும். உடலோடு ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல். நடுவில் ஃப்ளீஸ் என்கிற மென்மையான செயற்கைக் கம்பளிச் சட்டை. மேலே காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட். வெளியே வந்த முதல் ஐந்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். குளிரவில்லையா, திரும்பிப் போய் ஒன்றைக் கழற்றிவிட்டு வாருங்கள்.

காலுறை ஒன்றே ஒன்று. இதை மட்டும் யாரும் நம்ப மாட்டார்கள். நானும் முதல் வருடம் இரண்டு ஜோடி போட்டுக்கொண்டுதான் பூட்ஸை இறுக்கினேன். பதினோரு மணிக்குள் கால் விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஸ்கீயில், அதாவது சறுக்குக் கட்டையில், மாட்டுகிற பூட்ஸ் கல் மாதிரி இருக்கும். உள்ளே துணி கூடக்கூட ரத்த ஓட்டம் நெரிபடும். ரத்தம் போகாத காலுக்கு எத்தனை காலுறை போட்டும் பயனில்லை.

உயரத்தையும் கணக்கில் வையுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். உங்கள் ரோப்காரின் உச்சியில் கீழே இருப்பதைவிட ஆறு டிகிரி கம்மி. காற்று வேறு. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. காற்றடித்தால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 20. சறுக்கி இறங்கும்போது அந்தக் காற்றை நீங்களே உண்டாக்கிக்கொள்கிறீர்கள்.

---

ஆறாம்விரல் எழுதியது:

நாற்பதில் கற்பது வீண் வேலையா என்று கேட்கிறீர்கள். நான் நாற்பத்து மூன்றில் ஆரம்பித்தேன். முதல் நாள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நடந்ததைப் பார்த்து என் மகன் "புது லாடம் அடித்த மாடு மாதிரி இருக்கிறீர்கள் அப்பா" என்றான். மாடு சரிவில் நிற்கும், நான் நிற்கவில்லை.

என் சாதனை லிஃப்ட்டில்தான். மேலே போனதும் நாற்காலியிலிருந்து எழுந்து சறுக்கி விலக வேண்டும். இப்போதா, இன்னும் கொஞ்சம் போகட்டுமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நாற்காலி யோசிக்கவில்லை, என்னையும் சேர்த்துத் திருப்பிவிட்டது. ஊழியர் ஓடிவந்து பொத்தானை அமுக்க, எனக்குப் பின்னால் முப்பது நாற்காலிகள் அந்தரத்தில் ஆடிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டிரண்டு முகம் என்னைப் பார்த்தது.

அதனால் அனுபவசாலியாகச் சொல்கிறேன். ஏறும்போது கைத்தடிகளின் வார் மணிக்கட்டில் மாட்டியிருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொள்ளுங்கள். தொங்கும் துப்பட்டா, நீள மப்ளர் ஆகாது. இறங்கும் இடத்தில் ஸ்கீயின் நுனியைத் தூக்கி வைத்து, தரை தட்டியதும் எழுந்து நேராகப் போய்விடுங்கள், நடுவில் நிற்காதீர்கள்.

இன்னொன்று. கணவரிடம் கற்றுக்கொள்ளாதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த கணவர்களை நினைத்துப் பாருங்கள். முதல் இரண்டு நாள் பயிற்சியாளரிடம் அரைநாள் வகுப்பு. முதலில் நிற்கத்தான் சொல்லிக்கொடுப்பார்: முன் நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, உள்விளிம்பால் பனியை அழுத்துவது. கலப்பை என்று பேர். அது கைவந்தால் பயத்தில் பாதி போய்விடும். உங்கள் மகள் அதை ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்வாள். நமக்கு ஒரு நாள். பிள்ளைகள் விழுவது அரை ஆள் உயரத்திலிருந்து, அதுதான் ரகசியம்.

---

பலகைக்காரன் எழுதியது:

எல்லோரும் ஸ்கீ, ஸ்கீ என்கிறீர்கள். ஸ்னோபோர்டு என்று ஒன்று இருக்கிறது. 1998 நாகானோ ஒலிம்பிக்கிலேயே சேர்த்துவிட்டார்கள், இந்த இழையில்தான் இன்னும் சேர்க்கவில்லை. பூட்ஸ் மென்மையாக இருக்கும், மாடு மாதிரி நடக்க வேண்டாம். பலகை ஒன்றுதான், இரண்டு கட்டையும் இரண்டு திசைக்குப் போகிற தொல்லை கிடையாது.

---

மலைக்காகம் எழுதியது:

பலகைக்காரன், முதல் இரண்டு நாள் பின்பக்கத்தில் உட்கார்ந்தே பொழுது போகும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஸ்கீ ஆரம்பத்தில் சுலபம், நன்றாக வர வருடங்களாகும். போர்டு ஆரம்பத்தில் அடி, மூன்றாம் நாள் திடீரென்று வரும். ஐந்து நாள் பயணத்தில் அந்த இரண்டு நாள் பெரிது. விழும்போது கையை ஊன்றுவதால் போர்டு பழகுகிறவர்களுக்கு மணிக்கட்டு போகும், ஸ்கீகாரர்களுக்கு முழங்கால். அவரவர் எலும்பு, அவரவர் விருப்பம்.

முழங்கால் என்றதும் ஞாபகம் வந்தது. வாடகைக்கு ஸ்கீ எடுக்கும்போது உங்கள் எடை, உயரம், வயது, எவ்வளவு தெரியும் என்று கேட்பார்கள். பூட்ஸையும் ஸ்கீயையும் இணைக்கும் பிடி எவ்வளவு விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் திருகி அமைப்பார்கள். விழும்போது ஸ்கீ கழலாவிட்டால் கால் முறுக்கிக்கொள்ளும். தேவையில்லாதபோது கழன்றால் அதனாலேயே விழுவீர்கள். ஆகவே எடையை உண்மையாகச் சொல்லவும். ஐந்து கிலோ குறைத்துச் சொல்கிற இடம் இதுவல்ல. கற்றுக்குட்டி என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

---

சொல்வேட்டை எழுதியது:

தலைப்பிலேயே ஒரு சிக்கல். பனி என்றால் நமக்குப் புல்நுனியில் நிற்பது, காலையில் மூட்டம் போடுவது. முன்பனி, பின்பனி என்று ஆறு பருவத்தில் இரண்டைப் பனிக்கே எழுதிவைத்தவர்கள் நாம், இரண்டிலும் வானத்திலிருந்து வெள்ளையாக எதுவும் விழாது. விழுவதை வெண்பனி என்று சொல்லலாம். உறைபனி என்பது தரையிலும் இலையிலும் படிந்து உறைவது.

---

ஆறாம்விரல் எழுதியது:

ஐயா, அவர் ஜனவரியில் போகிறார். கலைச்சொல் முடிவாவதற்குள் பனி உருகிவிடும்.

---

சொல்வேட்டை எழுதியது:

சிரியுங்கள். ஆனால் சறுக்குகிறவருக்கு இந்தப் பெயர்கள் உதவும். 1936இல் ஹொக்கைடோவில் நகாயா உகிசிரோ என்ற இயற்பியலாளர் ஆய்வுக்கூடத்தில் பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார், முயல் முடி ஒன்றின் மேல். காற்றின் வெப்பமும் ஈரமும் மாறமாறப் படிகத்தின் உருவம் மாறும் என்பது அப்போது தெளிவானது. மைனஸ் 5 வாக்கில் ஊசி போல, மைனஸ் 15 வாக்கில் நாம் படத்தில் பார்க்கிற ஆறுகிளை நட்சத்திரம். நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் கிடப்பதால் நடுவில் காற்று நிறைய. அதுதான் மிதக்கிற மாதிரி சறுக்க வைக்கும் புதுப்பனி, பொடிப்பனி எனலாம். பகலில் மேல்பரப்பு உருகி இரவில் இறுகினால் பொருக்குப்பனி. பிற்பகல் வெயிலில் கூழ்ப்பனி. காலை ஒன்பது மணிச் சரிவும் மூன்று மணிச் சரிவும் ஒன்றில்லை என்று சொல்ல இந்த மூன்று சொல் போதாதா?

---

ஆறாம்விரல் எழுதியது:

கூழ்ப்பனியை எடுத்துக்கொள்கிறேன். நான் விழுந்ததெல்லாம் அதில்தான்.

---

சருகு எழுதியது:

சறுக்காதவர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நான் பதினாறு குளிர்காலம் பனிமலைக்குப் போயிருக்கிறேன், ஒருநாள்கூடச் சறுக்கியதில்லை.

அகலமான பனிநடைச் செருப்பு வாடகைக்குக் கிடைக்கும். சாதாரண பூட்ஸின் அடியில் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். எடை பரவுவதால் முழங்கால் வரை புதைகிற இடத்தில் கணுக்கால் அளவே இறங்கும். கற்றுக்கொள்ள எதுவுமில்லை, காலைக் கொஞ்சம் அகட்டி வைத்தால் போதும். மூச்சு வாங்கும், மெதுவாகப் போங்கள். குறியிட்ட நடைபாதைகள் காட்டுக்குள் இருக்கும். உங்கள் மாமனாருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இரவு புதுப்பனி விழுந்திருந்தால் காலையில் முதல் ஆளாகப் போங்கள். அவ்வளவு அமைதியை வேறெங்கும் கேட்டதில்லை. புதுப்பனியில் பெரும்பகுதி காற்றுதான், அந்த நுண்ணிய இடைவெளிகள் ஒலியை விழுங்கிவிடும். உங்கள் காலடி மட்டும் கேட்கும். நல்ல குளிரென்றால் அதுவும் கிரீச் கிரீச்சென்று வரும்.

தடம் பார்ப்பது இன்னொரு பொழுதுபோக்கு. முயல் தாவும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி முன்னால் விழும். அதனால் பெரிய இரண்டு தடம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அது போயிருக்கிறது. பழகாதவர்கள் எதிர்த்திசையில் தேடுவார்கள். நரி ஒரே கோட்டில், நூல் பிடித்த மாதிரி போகும். குழந்தைக்குச் சொல்லிப் பாருங்கள், சறுக்கை மறந்துவிடுவாள். (மறக்கமாட்டாள், ஆனாலும் அரைமணி கிடைக்கும்.)

கீழே ஊர் மூட்டத்தில் கிடக்கிறது, எங்கே போவது என்று அறைக்குத் திரும்பிவிடாதீர்கள். அன்றைக்குத்தான் ரோப்காரில் ஏற வேண்டும். காற்றில்லாத தெளிந்த இரவுகளில் கனத்த குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கி, அதன்மேல் சூடான காற்று மூடி போட்டது போல் நிற்கும். மலைக்காகம் சொன்ன 6.5 டிகிரிக் கணக்கு அன்று தலைகீழ். மேலே வெயில், காலடியில் மேகக் கடல்.

---

இரவுப்பணி எழுதியது:

நான் மருத்துவத் துறை. சுருக்கமாகச் சில விஷயங்கள்.

குளிரைப் பற்றியே பேசுகிறீர்கள், வெயிலை யாரும் சொல்லவில்லை. புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் கதிரின் அளவும் சுமார் பத்து சதவீதம் கூடும். வெயில் கீழிருந்தும் வருகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். தாடையின் அடி, மூக்குத் துவாரத்தின் ஓரம், காதின் பின்புறம் எல்லாம் வேகும். நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி உதடு வெடித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி கட்டாயம், குழந்தைக்கும். கண்ணில் கதிர் சுட்டால் உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து, இரவில், கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது போல் இருக்கும்.

குழந்தையின் கன்னத்தையும் மூக்கு நுனியையும் அடிக்கடி பாருங்கள். மெழுகு போல் வெளுத்து, தொட்டால் தெரியவில்லை என்றால் உள்ளே அழைத்துப் போய்ச் சூடான உள்ளங்கையால் பொத்துங்கள். தேய்க்கக் கூடாது. பனியை வைத்துத் தேய்க்கச் சொல்லும் பழைய வைத்தியத்தைக் கேட்கவே கேட்காதீர்கள், தோல் கிழியும். தொட்டும் உணர்வு திரும்பாவிட்டால், கொப்புளம் வந்தால், மருத்துவரிடம் போங்கள்.

மாமனாருக்கு இதயம், ரத்த அழுத்த மருந்து ஏதாவது இருந்தால் கிளம்பும் முன் அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். 2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலி, குமட்டல் வரும். வந்தால் கீழே இறங்குவதுதான் மருந்து. குளிரில் தாகம் தெரியாது, காற்றோ வறண்டது. நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க வையுங்கள். மது உடம்பைச் சூடாக்குகிறது என்பது தோலுக்கு ரத்தம் பாய்வதால் வரும் மயக்கம். உள்ளே இருந்த சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும்.

---

கொடிக்கப்பால் எழுதியது:

இவ்வளவு எச்சரிக்கையா? உண்மையான சுகம் குறியிட்ட பாதையில் இல்லை. கயிற்றைத் தாண்டி நூறு மீட்டர் போனால் யார் காலும் படாத பொடிப்பனி. நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. நல்ல வெயில் நாளாகப் பார்த்துப் போங்கள்.

---

மலைக்காகம் எழுதியது:

கோபம் வருகிறது, ஆனாலும் பொறுமையாகவே எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் முதல்முறை போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒன்றும் ஆனதில்லை என்பது சரிவு உறுதியாக இருந்ததற்குச் சாட்சி ஆகாது. அன்று அது நகரவில்லை, அவ்வளவே. பனி ஒரே கட்டியாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. நடுவில் ஓர் அடுக்கு சர்க்கரை மாதிரி ஒட்டாமல் இருந்தால் மேலே இருப்பது முழுத் தகடாகப் பெயர்ந்து வரும். 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. சறுக்குகிறவர்களுக்கு ஆசையாக இருக்கும் சாய்வும் அதுதான். ஆளைக் கொன்ற பனிச்சரிவுகளில் பத்தில் ஒன்பதை அந்த ஆளோ அவருடன் போனவரோதான் கிளப்பிவிட்டிருக்கிறார்.

பனிச்சரிவு எச்சரிக்கை ஒன்று முதல் ஐந்து வரை. ஐரோப்பாவில் அதிகம் பேர் இறப்பது மூன்றாம் நிலையில். நாலு, ஐந்து என்றால் எல்லோரும் வீட்டிலிருப்பார்கள். மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று கிளம்புவார்கள். பெரும்பொழிவு முடிந்து மறுநாள் அடிக்கிற வெயில், நீங்கள் சொல்கிற அந்த நல்ல வெயில் நாள், ரொம்ப ஆபத்தான நாட்களில் ஒன்று.

புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள். அரைமணியானால் பெரும்பாலோர் இல்லை. மீட்புக் குழு வந்து சேர்வதற்குள் அந்த நேரம் போய்விடும், கூட இருப்பவர்தான் தோண்ட வேண்டும். அதனால்தான் வெளியே போகிறவர்கள் புதைந்த இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கோல், மண்வாரி மூன்றையும் எடுத்துக்கொண்டு, பயன்படுத்தப் பழகிக்கொண்டு, துணையோடு போகிறார்கள். உங்களிடம் இருந்தனவா?

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு சத்தம். ஏழெட்டு வருடம் முன்பு, மூன்று பேராக ஓர் ஓரச்சரிவில் ஏறிக்கொண்டிருந்தோம். காலடியில் பெரிய மெத்தை மேல் உட்கார்ந்தது போல "வூம்ப்" என்று ஒன்று அமுங்கியது. முன்னால் போனவரின் ஸ்கீயிலிருந்து ஒரு விரிசல் இருபது அடி ஓடியது. யாரும் பேசவில்லை. வந்த தடத்திலேயே, இடைவெளி விட்டு ஒருவர்பின் ஒருவராகத் திரும்பினோம். கீழே வந்து பூட்ஸைக் கழற்றும்போது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது, அதற்குக் குளிர் காரணமில்லை.

---

கொடிக்கப்பால் எழுதியது:

சரி. மண்வாரி இருந்தது, மற்ற இரண்டும் இல்லை. தனியாகத்தான் போனேன். மேலே எழுதியதை முதல்முறை போகிறவர்கள் பொருட்படுத்த வேண்டாம்.

---

குளிர்நடுங்கி எழுதியது:

நாங்கள் கயிற்றைத் தாண்டப்போவதில்லை, கயிறு வரை போவதே சந்தேகம். பாதைகளின் நிறம் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே?

---

ஆறாம்விரல் எழுதியது:

ஐரோப்பாவில் பச்சை அல்லது நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு நமக்கில்லை. வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம். ஓர் இடத்து நீலம் இன்னோர் இடத்துச் சிவப்பாக இருக்கும், ஆகவே முதல் முறை எதையும் நம்பாதீர்கள். எங்கும் பொதுவான விதி: கீழே இருப்பவருக்கே முன்னுரிமை. பின்னால் வருபவர்தான் ஒதுங்கிப் போக வேண்டும். நிற்பதென்றால் ஓரத்தில், மேலிருந்து வருகிறவர் கண்ணில் படும் இடத்தில்.

"இன்னும் ஒரே ஒரு முறை" என்று சாயங்காலம் மகள் கெஞ்சும்போது விட்டுக்கொடுக்காதீர்கள். கால் ஓய்ந்திருக்கும், வெளிச்சம் மங்கிப் பள்ளமேடு தெரியாது. என் இரண்டு விபத்தும் அந்த ஒரே ஒரு முறையில்.

---

குளிர்நடுங்கி எழுதியது:

போய்விட்டு வந்தாயிற்று! சொன்ன எல்லோருக்கும் கணக்கு ஒப்பிக்கிறேன்.

முதல் நாள் நான்கு அடுக்கு போட்டேன். மலைக்காகம் மூன்று என்று எழுதியதைப் படித்துவிட்டும். பயிற்சிச் சரிவில் இருபது நிமிடத்தில் உள்ளே குளம். மறுநாள் மூன்று. வெளியே வந்து ஐந்து நிமிடம் பல்லைக் கடித்தேன், அதன்பிறகு குளிர் என்கிற நினைப்பே வரவில்லை. காலுறை ஒன்றுதான், ஆனால் ஈரப் பூட்ஸை இரவு காய வைக்க யாரும் சொல்லவில்லையே? மூன்றாம் நாள் காலை ஜில்லென்ற ஈரத்தில் கால் விட்டது மறக்காது. பூட்ஸ் காய வைக்க அந்த விடுதியில் தனி அறையே இருந்ததாம், கிளம்பும் அன்று தெரிந்தது.

வாடகை இடத்தில் என் எடையைக் கணவர் முன்னால் உண்மையாகச் சொன்னேன். பதினான்கு வருடத்தில் முதல்முறை.

கலப்பை எனக்கு வர இரண்டு நாளானது. நான்காம் நாள் ஒரு பச்சைப் பாதையில் மேலிருந்து கீழே வரை நாற்பது நிமிடம் எடுத்து இறங்கினேன். ஐந்து வயதுக் குழந்தைகள் வாத்துக்குஞ்சு வரிசையாக என்னைத் தாண்டிப் போனார்கள். எனக்குக் கவலையே இல்லை. கீழே வந்ததும் மறுபடி மேலே போகலாமா என்று கேட்டது நான்தான். கணவர் ஆறாம்விரலின் விதியைச் சொல்லித் தடுத்துவிட்டார்.

ஆனால் இந்தப் பயணம் மாமனாருடையது. தினமும் காலை ஏழரைக்கே பனிநடைச் செருப்பைக் கட்டிக்கொண்டு காட்டுப்பாதையில் போய்விடுவார். மூன்றாம் நாள் ஊர் முழுக்க மூட்டம். சருகு சொன்னதை நம்பி ரோப்காரில் ஏறினோம். மேலே வந்து மேகத்தைக் கீழே பார்த்ததும் அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. தலைவலியும் இல்லை என்றார். முயல் தடம் இப்போது அவருக்கு மனப்பாடம். நரித் தடம் ஒன்றைப் பார்த்ததாகச் சொல்கிறார், அது நாய் என்று மகள் சாதிக்கிறாள். படம் இணைக்கிறேன், சருகுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அடுத்த வருடம் மகளுக்குப் பலகை வேண்டுமாம். பலகைக்காரன், முதலில் என்ன வாங்குவது?

---

பலகைக்காரன் எழுதியது:

மணிக்கட்டுக் காப்பு. பலகை அப்புறம்.

---

சருகு எழுதியது:

படம் பார்த்தேன். நகத்தடம் அழுத்தமாக இருக்கிறது, நேராகவும் போகவில்லை, நின்று நின்று வளைந்து போயிருக்கிறது. நாய்தான். பெரியவரிடம் என்னைச் சொல்லிவிடாதீர்கள்.